பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

நம் வீடுகளில் காலைக் காப்பிக்கு அடுத்தபடியாகத் தவறாமல் ஆஜராகும் வஸ்து ஒன்று உண்டென்றால் அது மாத்திரை டப்பாதான். ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதிகள் இருக்கும் வீட்டில் அந்த டப்பா சாப்பாட்டு மேஜையின் மேலோ, பிரிட்ஜின் தலையிலோ, சுவாமி அலமாரிக்குப் பக்கத்திலோ கட்டாயம் இருக்கும். சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று. முதல் இரண்டின் மேல் யாருக்கும் அவ்வளவாகக் கோபம் வருவதில்லை. மூன்றாவதுதான் எல்லார் வாயிலும் விழுகிறது.

முழங்கால் வலித்தால் அந்த மாத்திரை. மறதி வந்தால் அந்த மாத்திரை. தூக்கம் வராவிட்டால் அந்த மாத்திரை. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் நாலு நாள் நின்று உழைத்துவிட்டு இடுப்பு விட்டுப் போனாலும், அதற்கும் அந்த மாத்திரைதான் காரணம்!

அதற்கு மேல் நடப்பதுதான் விசேஷம். ஒரு நாள் அம்மாள் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை, பெண்ணிடமும் பிள்ளையிடமும் சொல்வதில்லை, டாக்டரிடம் சொல்லவே சொல்வதில்லை. “மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்டால் தலை மட்டும் அசைகிறது. அவர் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்க்கிறார். கொலஸ்ட்ரால் குறையவில்லை. மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, அளவை இரட்டிப்பாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்!

இந்த மௌன நாடகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச்சு. மாத்திரையால் வலி வருமா? வரும். வருகிற வலியெல்லாம் மாத்திரையால்தானா? இல்லை. வலித்தால் என்ன செய்வது? எத்தனையோ செய்யலாம், சொல்லாமல் நிறுத்துவது ஒன்றைத் தவிர.

அரிசிப் பூஞ்சை தந்த மருந்து

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ‘ஸ்டாட்டின்’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் அட்டையில் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்று எழுதியிருந்தால், எல்லாம் அண்ணன் தம்பிகளே.

இந்தக் குடும்பத்தின் மூதாதையைக் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி. விவசாயக் குடும்பத்தில் 1933-ல் பிறந்தவர். பூஞ்சைகளில் ஏதாவது ஒன்று கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்காதா என்று ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைப் பொறுமையாகச் சோதித்தார். கடைசியில் 1973-ல், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படிந்திருந்த பூஞ்சையில் அந்தச் சரக்கு அகப்பட்டது. அதே வம்சத்து மருந்து ஒன்று, லோவாஸ்டாட்டின் என்ற பெயரில், 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024-ல் காலமானார்.

மருந்து வேலை செய்யும் விதம் நம் சமையலறை நிர்வாகம் போலத்தான். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும் பகுதி நாம் சாப்பிடுவதால் வருவதல்ல. கல்லீரலும் மற்ற அவயவங்களும் தாமே தயாரித்துக் கொள்வது. ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. வீட்டுக் கையிருப்பு குறைந்தால் கடைக்கு ஆள் அனுப்புவோம் அல்லவா? கல்லீரலும் அப்படியே ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக் கொள்கிறது. ரத்தத்தில் அது குறைந்தால் குழாய்களில் படிவதும் குறையும்.

இதனால் லாபம் என்ன? ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோய் உள்ள 4,444 பேரைச் சுமார் 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர் இறந்திருந்தார்கள். நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 8 பேர். நூறு குடும்பங்களில் நாலு குடும்பத்துக்கு ஓர் உயிர் மிச்சம். பெட்டிக்குள் கிடக்கும் அந்தச் சின்ன மாத்திரையைச் சத்தமில்லாமல் நிறுத்துகிறபோது நாம் விளையாடுவது இந்தக் கணக்கோடுதான்.

இதெல்லாம் ஆண்களுக்கு வருகிற வியாதிதானே என்று பெண்கள் நினைத்துக் கொள்வது வழக்கம். மாதவிலக்கு நிற்கும் வரை அதில் ஓரளவு உண்மை உண்டு. நின்ற பிறகு பெண்களின் கொலஸ்ட்ராலும் ஏறத் தொடங்குகிறது. மாரடைப்பும் தேடி வருகிறது.

மூன்று விதப் புட்டிகள்

பக்க விளைவு என்ற பழி எவ்வளவு தூரம் நியாயம் என்று பார்க்க லண்டனில் ஓர் அழகான பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2020-ல் வெளியாயிற்று. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று முன்பே கைவிட்டிருந்த 60 பேரை அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் 12 புட்டிகள், மாதத்துக்கு ஒன்று. நாலு புட்டிகளில் நிஜ மாத்திரை. நாலில் அதே போல் இருக்கும் போலி மாத்திரை. நாலு புட்டிகள் காலி. முன்பின்னாக மாற்றிக் கொடுத்து, அன்றன்று எவ்வளவு உபத்திரவம் என்று தினமும் நூற்றுக்கு மார்க் போடச் சொன்னார்கள்.

காலிப் புட்டி மாதங்களில் சராசரி உபத்திரவம் 8 மார்க். நிஜ மாத்திரை மாதங்களில் 16.3. இரட்டிப்பாகிவிட்டது, பார்த்தீர்களா? அவசரப்படாதீர்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை மாதங்களில் 15.4! ஆக, தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு மருந்தினால் வந்ததல்ல. மாத்திரை விழுங்குகிறோம் என்ற நினைப்பினால் வந்தது. இந்த முடிவைக் கண்ணால் கண்ட பிறகு அந்த 60 பேரில் பாதிப்பேர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள்.

“அப்படியானால் எங்கள் வலி வெறும் கற்பனையா?” என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வலி நிஜம், வலித்தது வலித்ததுதான். தீங்கு வரும் என்று எதிர்பார்க்கிற மனம், சாதாரண நாளில் கவனிக்காமல் விட்டிருக்கும் சின்ன வலியைக்கூடப் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதற்கு மருத்துவர்கள் ‘நோசிபோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் இது உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

2022-ல் வெளியான இன்னொரு பெரிய கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கிய முதல் வருஷத்தில் தசை வலி என்று சொன்னவர்களில், 15 பேருக்கு ஒருவருக்கே மாத்திரை உண்மையான காரணம்.

ஆனால் அந்தப் பதினைந்தாவது ஆள் நீங்களாகவே இருக்கலாமே! ஆகையால் “எல்லாம் மனப்பிராந்தி” என்று டாக்டரோ வீட்டிலுள்ளவர்களோ ஒதுக்கித் தள்ளுவதும் நியாயமல்ல. பெண்கள் வலி என்று சொன்னால் “வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரு வரியில் முடித்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. தசைக் கோளாறு வரும் வாய்ப்போ பெண்களுக்கும், வயது முதிர்ந்தவர்களுக்கும், ஒல்லியான சின்ன உடம்புக்காரர்களுக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சற்று அதிகம். விசாரித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மாத்திரை வலியின் லட்சணம்

விசாரணைக்குச் சில அடையாளங்கள் உதவும். ஸ்டாட்டினால் வருகிற வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக வரும். தொடை, பிட்டம், ஆடுசதை, தோள்பட்டை போன்ற பெரிய தசைகளில் கனமாக, இறுக்கமாக இருக்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டம். மாடிப்படி ஏறக் கஷ்டம். மேல்தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுக்கக் கை தூக்கக் கஷ்டம். மாத்திரை தொடங்கிய சில வாரங்களில், அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில், அல்லது வேறொரு மருந்து புதிதாகச் சேர்ந்த பிறகு இது தலைகாட்டும்.

ஒரு முழங்கால் மட்டும் வீங்கி வலிப்பது, பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு, பத்து வருஷமாக வந்து போகிற இடுப்பு வலி ஆகியவற்றுக்கு வேறு காரணம் இருப்பதே சாத்தியம்.

அந்த வேறு காரணங்களில் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தைராய்டு. அந்தச் சுரப்பி சோம்பிப் போனால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசைகளும் வலிக்கும். அது தெரியாமல் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை கொடுத்தால், வலிக்கு மாத்திரை பேரில் பழி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! தைராய்டைச் சரிசெய்தால் கொலஸ்ட்ரால் தானே இறங்குவதும் உண்டு. அடுத்தபடி வைட்டமின் டி குறைவு. வெளி வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு இதனாலும் தசை வலி வரும்.

மூன்றாவது, மருந்தோடு மருந்து மோதுவது. அடோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் ஆகியவற்றை உடம்பு கழிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக் கொல்லிகளும், படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோலும் அந்த வழியை அடைத்துவிடும். மருந்து ரத்தத்தில் தேங்கி, ஒரு மாத்திரை சாப்பிட்டவருக்கு நாலைந்து சாப்பிட்ட பலன் ஆகிவிடும். டில்டியாசம், வெராபமில் என்ற இதய மருந்துகளும் ஓரளவு இந்த வேலையைச் செய்யும். ஆகவே தோல் டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும் “கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். அட்டையையே கைப்பையில் எடுத்துப் போனால் இன்னும் உத்தமம். கிரேப்புரூட் பழமும் நம் ஊர்ப் பம்பளிமாஸும் இதே குறும்பைச் செய்யக்கூடியவை. இந்த இரண்டு மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் அவற்றை ஒதுக்குவது நல்லது.

செய்ய வேண்டியவை

முதலாவது, மாத்திரை தொடங்கும் முன்பே உங்கள் உடம்பில் எங்கெங்கே வலி என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் வழக்கு வரும்போது இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தொடங்கிய பிறகு வலி வந்தால், பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அந்தத் தேதியில் குறியுங்கள்: எந்த இடம், எவ்வளவு, அன்று என்ன வேலை செய்தோம்.

இரண்டாவது, அந்தக் காலண்டருடன் டாக்டரிடம் போங்கள். தசை நைந்திருக்கிறதா என்று காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. அதையும், தேவைப்பட்டால் தைராய்டு, வைட்டமின் டி பரிசோதனைகளையும் பார்ப்பார்.

மூன்றாவது, மாத்திரைக்கு விடுமுறை. டாக்டர் சொன்னால் இரண்டு முதல் நாலு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வலி அப்படியே இருந்தால் மாத்திரை நிரபராதி. வலி போய்விட்டு, மறுபடி தொடங்கியதும் திரும்பி வந்தால் குற்றம் ருசுவாயிற்று. ஆனால் மாரடைப்பு வந்தவர்கள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இந்த விடுமுறையைத் தாமாக எடுத்துக் கொள்ளவே கூடாது. அவர்கள் நிறுத்துகிற ஒவ்வொரு வாரமும் ஆபத்தான வாரம்.

நாலாவது, குற்றம் ருசுவானாலும் தூக்குத் தண்டனை வேண்டாம். குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டால் சட்டியோடு கொட்டுகிறோமா? அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஸ்டாட்டினில் ஒரு வேடிக்கை உண்டு: அளவை இரட்டிப்பாக்கினால் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக 6 சதவிகிதம்தான் குறையும். ஆகவே பாதியாகக் குறைத்தாலும் நஷ்டம் அதிகமில்லை. ஆசிய தேசத்தவர் உடம்பில் ரோசுவாஸ்டாட்டின் அதிக அளவில் சேருவதால், அவர்களுக்கு 5 மில்லிகிராமில் தொடங்குவது நல்லது என்று அந்த மருந்தின் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறது. ஒரு தம்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு தம்பி ஒத்துக்கொள்வான். உடம்பில் நீண்ட நேரம் தங்கும் ரோசுவாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் இரண்டையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்துப் பார்க்கும் டாக்டர்களும் உண்டு.

ஐந்தாவது, எந்த ஸ்டாட்டினுமே ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மாற்று வழிகள் இருக்கின்றன. குடலில் கொலஸ்ட்ராலை உறிஞ்ச விடாமல் தடுக்கும் எசெடிமிப் ஒன்று. பெம்படோயிக் ஆசிட் இன்னொன்று. இது கல்லீரலில் மட்டும் விழித்துக்கொண்டு தசையில் உறங்கிவிடுகிற மருந்து. ஸ்டாட்டின் சாப்பிட முடியாத சுமார் 14,000 பேரிடம் நடந்த பரிசோதனையில் மாரடைப்பு முதலிய விபரீதங்கள் 13 சதவிகிதம் குறைந்ததாக 2023-ல் வெளியிட்டார்கள். யூரிக் ஆசிட் ஏறும் தொல்லை இதில் உண்டு. கீல்வாதக்காரர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் போடும் ஊசிகள்கூட வந்திருக்கின்றன. விலைதான் கொஞ்சம் கண்ணைக் கட்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மேலே சொன்னதெல்லாம் நிதானமாகச் செய்ய வேண்டியவை. நிதானம் கூடாத நேரமும் உண்டு. தசை வலியோடு கை கால் பலமிழந்து, சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால், தசை கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். மிக மிக அபூர்வம். ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செரிவாஸ்டாட்டின் என்ற ஒரு தம்பி இந்த விபரீதத்தை மற்றவர்களைவிட அதிகமாகச் செய்ததால், 2001-ல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டான். கண் மஞ்சளாவது, பசி அடியோடு போய்விடுவது ஆகியவையும் கல்லீரல் தரும் எச்சரிக்கைகள். இவற்றில் எதைக் கண்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

சில சந்தேகங்கள்

*மாத்திரையால் சர்க்கரை வியாதி வருமாமே?*

சர்க்கரையைச் சிறிது ஏற்றுவது உண்மை. ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களை அது கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும். ஆனால் இதயத்துக்குக் கிடைக்கிற லாபம் அதைவிடப் பெரிது. சர்க்கரையைப் பரிசோதித்துக்கொண்டு, நடையையும் சாப்பாட்டையும் கவனித்தால் போதும்.

*கல்லீரல் கெட்டுவிடாதா?*

தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதில் வரும் சில எண்கள் லேசாக ஏறுவது உண்டு. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பலத்த சேதம் மிக அபூர்வம்.

*ராத்திரிதான் சாப்பிட வேண்டுமா?*

சிம்வாஸ்டாட்டினுக்கு ராத்திரி நல்லது. அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். ராத்திரி மறந்து போகிறவர்கள் காலையில் பல் தேய்த்ததும் சாப்பிடட்டும். மறக்காத நேரமே நல்ல நேரம்.

*சாப்பாட்டில் பத்தியமாக இருந்தால் மாத்திரை வேண்டியதில்லை அல்லவா?*

வனஸ்பதியை விலக்குவதும், நெய்யையும் பொரித்த பண்டத்தையும் அளவாக வைத்துக்கொள்வதும் அவசியம். லேசாக ஏறியவர்களுக்கு அதுவே போதலாம். ஆனால் உடம்பே தயாரிக்கிற கொலஸ்ட்ராலுக்குப் பத்தியம் ஓரளவுக்குத்தான் கட்டுப்படும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

*‘இயற்கை மருந்து’ என்று சிவப்பு ஈஸ்ட் அரிசி விற்கிறார்களே?*

அதிலிருக்கும் சரக்கு சாட்சாத் லோவாஸ்டாட்டினேதான்! பழைய ஆள் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறான். எவ்வளவு இருக்கிறது என்றுதான் தெரியாது. மாத்திரையோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை அளவாகிவிடும்.

*எங்கள் வம்சத்திலேயே கொலஸ்ட்ரால் அதிகம். மகளுக்குச் சின்ன வயதிலேயே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகப் போகிறது. என்ன செய்வது?*

குழந்தை பெறத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலோருக்கு இந்த மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக் கூடாது. பிறகு எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். பிள்ளை வளர்க்கிற மும்முரத்தில் தாயின் மாத்திரை வருஷக் கணக்கில் மறந்து போவது சகஜம்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஏற்கெனவே சத்தமில்லாமல் நிறுத்தியிருக்கிற சகோதரிகள் இதைப் படித்துவிட்டு மறுபடி சத்தமில்லாமல் ஆரம்பிக்கவும் வேண்டாம். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது, “நிறுத்திவிட்டேன், டாக்டர். கால் வலித்தது, பயமாக இருந்தது” என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அரை நிமிஷ விஷயம். அந்த ஒரு வாக்கியம் தெரிந்தால்தான், உங்களுக்குச் சரியான மருந்தைச் சரியான அளவில் அவரால் எழுத முடியும்.